'கேட்கவில்லை' என்று எழுதுவதற்கு முன்

ஆண்டுக்கு ஓரிரு முறையாவது யாராவது எனக்கு ஏஓ-7 என்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோளின் மரணச் செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். "நேற்றும் இன்றும் கேட்டுப் பார்த்தோம் சார், ஒன்றுமே வரவில்லை, முடிந்துவிட்டது போலிருக்கிறது" என்று எங்கள் தரைநிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் சொல்வார்கள். உரிமம் வாங்கிப் பல ஆண்டுகளான ஹாம் (பொழுதுபோக்காக வானொலி வழி பேசும் அமெச்சூர்) நண்பர்களும் சொல்வதுண்டு. எந்த அலைவரிசையில் கேட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 145 மெகாஹெர்ட்ஸ் என்று பதில் வரும். பல நேரங்களில் அந்தக் கோள் அன்று 29 மெகாஹெர்ட்ஸில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும்.

செயற்கைக்கோள் சிக்னல்களைப் பெற்று அவற்றின் உடல்நிலையைப் படிப்பது என் பிழைப்பு. வயதான அமெச்சூர் கோள்களை அதே கண்ணோடு பார்ப்பதால், அவற்றைப் பற்றி 'கேட்டது', 'கேட்கவில்லை' என்று ஹாம்கள் எழுதும் நிலை அறிக்கைகளில் பாதிக்கு மேல் கோளைப் பற்றிச் சொல்வதைவிட, கேட்டவரின் மொட்டைமாடியைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் ஏஓ-7. 1974 நவம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து டெல்டா ராக்கெட்டில், நோவா-4 என்ற வானிலைக் கோளுடன் தொற்றிக்கொண்டு மேலே போனது. சுமார் 1,450 கிலோமீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 115 நிமிடம். ஓர் அலைவரிசையில் வாங்கியதை இன்னோர் அலைவரிசையில் திருப்பித் தரும் அதன் டிரான்ஸ்பாண்டர் வழியாகச் சென்னையில் இருப்பவர் ஜப்பானில் இருப்பவருடன் பேச முடியும். அந்த உயரத்திலிருந்து அவ்வளவு பரப்பு தெரிகிறது. 1981-இன் நடுவில் அதன் நிக்கல்-காட்மியம் பேட்டரி உள்ளேயே ஷார்ட் ஆகி, சூரியத் தகடுகள் தந்த மின்சாரம் முழுவதையும் விழுங்கிக்கொண்டது. கோள் ஊமையானது. எல்லாரும் கணக்கை முடித்துவிட்டார்கள்.

2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தைச் சேர்ந்த பேட் கோவன் என்ற ஹாம், 145.97 மெகாஹெர்ட்ஸ் அருகே பழைய பாணி மோர்ஸ் ஒலி ஒன்றைக் கேட்டார். 'ஹெச் ஐ, ஹெச் ஐ' என்ற தொடக்கம், பிறகு எண் குழுக்கள். ஷார்ட் ஆகிக் கிடந்த பேட்டரி இப்போது திறந்த சுற்றாக அறுந்துபோயிருக்க வேண்டும் என்பதுதான் பொருந்திவந்த விளக்கம். அறுந்த பேட்டரி மின்சாரத்தை விழுங்காது. தகடுகளின் மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போயிற்று. இருபத்தோரு ஆண்டு மௌனத்துக்குப் பின் கோள் பேசத் தொடங்கியது. ஒரு பழுதின் மேல் இன்னொரு பழுது விழுந்து பிழைத்த கோள் இது.

மேல்நிலைத் தொட்டி இல்லாத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் குழாயில் தண்ணீர். இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தால் இரண்டிலும் சொட்டும். ஏஓ-7 அப்படித்தான் வாழ்கிறது. வெயிலில் இருக்கும்போது வேலை செய்யும், பூமியின் நிழலுக்குள் போனதும் அணைந்துவிடும், வெளியே வந்ததும் புதிதாக எழும். எழும்போது ஏ முறையில் எழுமா, பி முறையில் எழுமா என்பதை நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏ என்றால் 145 மெகாஹெர்ட்ஸில் வாங்கி 29-இல் தரும். பி என்றால் 432-இல் வாங்கி 145-இல் தரும். நிழலே படாத மாதங்களில் மட்டும் உள்ளே இருக்கும் 24 மணிநேரக் கடிகாரம் ஒழுங்காக ஓடி, ஒரு நாள் ஏ, ஒரு நாள் பி என்று மாற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே, 145-இல் மட்டும் கேட்டவர் எழுதக்கூடிய நேர்மையான வாக்கியம், 'இந்த நேரத்தில் பி முறை கேட்கவில்லை' என்பது மட்டுமே. 29 மெகாஹெர்ட்ஸைக் கேட்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளத்தில் ஒரு சாதாரண டைபோல் கம்பியை மாடியில் கட்டினால் போதும். நகரங்களில் எல்இடி விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் அந்த அலைவரிசையில் கொட்டும் இரைச்சல்தான் உண்மையான தொல்லை. அக்கம்பக்கத்து வீடுகள் உறங்கிய பின் வரும் கடப்புகளில் (கோள் நம் வானத்தைக் கடந்துபோகும் நேரங்களில்) நிலைமை எவ்வளவோ மேல்.

ஏஓ-7 தனிப் பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கோள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முரண்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1984 மார்ச் 1 அன்று ஏவப்பட்ட, சர்ரே பல்கலைக்கழகத்தின் யூஓ-11 பேட்டரி செத்த பிறகும் 145.826-இல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் காவல் கடிகாரம் சுமார் பத்து நாள் ஒலிக்கவிட்டு, அடுத்த பத்து நாள் அடைத்துவிடும். ஒரு வாரம் விடாமல் கேட்டு ஒன்றும் வராமல் போனால் அது இயல்பு. 1996 ஆகஸ்டில் தானேகஷிமாவிலிருந்து சென்ற ஜப்பானின் எஃப்ஓ-29 வேறு வகை. நிழலில் மின்னழுத்தம் சரிந்ததும் டிரான்ஸ்பாண்டர் அணைந்துவிடும். ஜப்பானில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்த நேரத்தில் கட்டளை அனுப்பி எழுப்பினால்தான் மீண்டும் திறக்கும். அந்த அட்டவணையைப் பார்க்காமல் எழுதிய 'கேட்கவில்லை' யாருக்கும் உதவாது.

இதைவிட விபரீதம், தவறான கோளைக் கேட்டுவிட்டுச் சரியான கோள் என்று எழுதுவது. 2002 டிசம்பரில் பைகோனூரிலிருந்து போன சவுதியின் எஸ்ஓ-50, 1993-இல் ஏவப்பட்ட ஏஓ-27, இரண்டுக்கும் இறங்கு அதிர்வெண் (கோள் தரைக்கு அனுப்புவது) ஒன்றுதான்: 436.795 மெகாஹெர்ட்ஸ். ஏறு அதிர்வெண்ணும் (தரையிலிருந்து கோளுக்கு அனுப்புவது) ஒன்றே, 145.850. ஏஓ-27 பல ஆண்டு மௌனத்துக்குப் பின் 2020-இல் மீண்டும் பேசத் தொடங்கியபோது, இரண்டும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் இருந்தால் எது எது என்ற கேள்வி நிஜமாகவே எழுந்தது. குரலைக் கேட்டுப் பிரித்தறிய முடியாது. டாப்ளர்தான், அதாவது கோளின் ஓட்டத்தால் அதிர்வெண் மாறித் தெரிவதுதான் சாட்சி. நெருங்கிவரும்போது சிக்னல் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், விலகும்போது அதே அளவு கீழே போகும். நடு அதிர்வெண்ணை அது தாண்டும் நொடிதான் கோள் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் நொடி. அந்த நொடியைக் குறித்துக்கொண்டு, மென்பொருள் இரு கோள்களுக்கும் சொல்லும் நேரத்துடன் ஒப்பிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாட்நாக்ஸ் போன்ற தானியங்கி நிலைய வலையமைப்புகளின் பதிவுகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே டாப்ளர் முன்பே திருத்தப்பட்டிருக்கும். அதனால் அலைவரைபடத்தில் (நேரம் போகப்போக அதிர்வெண்ணைக் காட்டும் படத்தில்) கோளின் சிக்னல் நேர்கோடாக நிற்கும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் அழகாக வளையும். வளைந்த கோட்டைப் பார்த்ததும் 'டாப்ளர் தெரிகிறது, கோள்தான்' என்று பூரிக்கும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரம் குறிப்பதில் நம் ஊரில் ஒரு பழைய நோய் உண்டு. அறிக்கைகள் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதிகாலை 4 மணிக்குக் கேட்டீர்கள் என்றால் யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 10.30. தேதியை மாற்ற மறந்தால், கோள் பூமியின் மறுபுறத்தில் இருக்கும்போது அதை மதுரையில் கேட்டதாக ஒரு பதிவு நிற்கும். இப்படி ஒரு பதிவு போதும், அந்த வாரத்துத் தரவைப் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்ள. கணினியின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். சுற்றுப்பாதைத் தரவு பழையதா என்றும் பாருங்கள். ஏஓ-7 இருக்கும் உயரத்தில் காற்றின் இழுவை மிகக் குறைவு என்பதால் சற்றுப் பழைய தரவும் தாங்கும். 400 கிலோமீட்டரில் சுற்றும் சிறு கோளுக்கு அது தாங்காது. இருப்பிடக் கட்டத்தையும் (உங்கள் இடத்தைக் காட்ட ஹாம்கள் பயன்படுத்தும் வரைபடக் குறியீட்டையும்) சரியாக எழுதுங்கள்: சென்னைக்கு என்கே03, மதுரைக்கு எம்ஜே99.

'கேட்டது' என்ற சொல்லிலும் இரண்டு நிலை இருக்கிறது. பீக்கனோ (கோள் தானாக ஒலிக்கும் அடையாளச் சிக்னல்) டெலிமெட்ரியோ (தன் உடல்நிலையைச் சொல்லும் தரவு) மட்டும் கேட்பது ஒன்று. டிரான்ஸ்பாண்டர் வேலை செய்வது வேறு. எஃப்ஓ-29-இன் மோர்ஸ் பீக்கன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்பாண்டர் அடைபட்டிருக்கலாம். உங்கள் குரலோ வேறொருவர் குரலோ திரும்பி வந்தால்தான் 'டிரான்ஸ்பாண்டர் இயங்குகிறது' என்று எழுதலாம்.

குரல் அனுப்பிச் சோதிப்பது என்றதும் எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வந்துவிட்டோம். உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அனுப்பலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட அதிகம் மீறப்படுவது அளவு. பேட்டரி இல்லாத ஏஓ-7-க்குள் ஒருவர் அதிக வாட்டைத் திணித்தால், அவரது சிக்னலைப் பெருக்கவே மின்சாரம் போய் உள்ளே மின்னழுத்தம் தள்ளாடும். அதோடு சேர்ந்து எல்லாருடைய அதிர்வெண்ணும் ஆடும். மோர்ஸ் ஒலி கூவுவதுபோல நெளியும். அப்போது கேட்பவர் 'கோளின் உடல்நிலை மோசம்' என்று எழுதுகிறார். உண்மையில் மோசம் ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயர். உங்கள் இறங்கு சிக்னல் பீக்கனைவிட வலுவாக இருக்கக் கூடாது. உங்களையே உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஏறு சக்தியைக் கூட்டாதீர்கள். ஆன்டெனாவிலிருந்து ரிசீவர் வரை இருக்கும் கேபிளைப் பாருங்கள். மழைக்காலத்துக்குப் பின் கனெக்டருக்குள் தண்ணீர் இருப்பது நம் ஊரில் கிட்டத்தட்ட உறுதி.

பேட்டரி இன்னும் அரை உயிருடன் இருக்கும் கோள்களில் இதே விஷயம் இன்னும் கடுமையானது. 2017 நவம்பரில் ஏவப்பட்ட ஏஓ-91-இன் பேட்டரி தளர்ந்த பிறகு, நிழலில் இருக்கும்போது தயவுசெய்து யாரும் அனுப்ப வேண்டாம் என்று அமெச்சூர் செயற்கைக்கோள் அமைப்பான ஆம்சாட் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. காரணம் எளிது. நீங்கள் அழைத்தால் உங்கள் குரலைத் திருப்பி அனுப்பும் ரிபீட்டர் திறக்கும், தகட்டிலிருந்து வரவு இல்லாத நேரத்தில் பேட்டரியைக் கறக்கும், மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு விழும். ஒவ்வொரு வீழ்ச்சியும் மிச்சமிருக்கும் ஆயுளைத் தின்கிறது. கோள் இப்போது வெயிலில் இருக்கிறதா, நிழலில் இருக்கிறதா என்பதை ஜிபிரெடிக்ட் போன்ற இலவச மென்பொருளே காட்டிவிடுகிறது. பார்க்கச் சில நொடிகள் ஆகும். இரவில் கடப்பு வந்தால் பொத்தானை அமுக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நம் வானத்துக்கே உரிய ஒரு கோளும் பேட்டரியால்தான் போனது. 2005 மே 5 அன்று கார்ட்டோசாட்-1 உடன் பிஎஸ்எல்வி-சி6-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஹாம்சாட், அதாவது விஓ-52. நாற்பது கிலோவைச் சற்றுத் தாண்டிய எடை. ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று ஒரு டச்சு ஹாம் செய்தது என இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஓரிரு ஆண்டு ஓடினால் போதும் என்று வடிவமைக்கப்பட்டது 2014 ஜூலை வரை ஓடியது. லித்தியம் அயனி பேட்டரி கைவிட்டதும் பணி முடிந்தது. தெற்காசியாவில் செயற்கைக்கோள் வழி பேசப் பழகிய ஒரு தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஏஓ-7 போல அதுவும் ஒருநாள் எழும் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் நம்பவில்லை. ஏஓ-7-இன் நிக்கல்-காட்மியத்துக்கு நடந்தது லித்தியத்துக்கும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. ஆனாலும் அதன் பழைய அதிர்வெண்ணில் யாராவது காது வைத்திருப்பதை வீண் என்று சொல்ல மாட்டேன். 2005-இல் தொலைந்துபோன நாசாவின் இமேஜ் கோள் மீண்டும் சிக்னல் தருவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தவர் கனடாவில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த ஓர் ஆர்வலர்தான்.

இப்படிக் காதுகளை நம்பியிருப்பது புதிய வழக்கமும் இல்லை. 1961 டிசம்பர் 12 அன்று மேலே போன முதல் அமெச்சூர் கோளான ஆஸ்கார்-1-இல் டெலிமெட்ரி என்று தனியாக எதுவும் இல்லை. 'ஹெச் ஐ' என்ற மோர்ஸ் எழுத்துகள் ஒலிக்கும் வேகம் உள்ளிருக்கும் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும், அவ்வளவே. நிமிடத்துக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று பல நாடுகளில் ஹாம்கள் கடிகாரத்தை வைத்து எண்ணி அனுப்பியதிலிருந்து கோளின் வெப்பம் கணக்கிடப்பட்டது. ஏஓ-7-இன் மோர்ஸ் பீக்கனில் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு எண் குழு. ஒவ்வொரு குழுவின் முதல் இலக்கம் எந்த வரிசை என்று சொல்லும். மெதுவாக வரும், பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். மோர்ஸ் தெரிந்த மாணவர் ஒருவர் கிடைத்தால் நான் முதலில் கொடுக்கும் வேலை அதுதான்.

எங்கள் நிலையத்தில் 'கேட்கவில்லை' என்ற பதிவை ஏற்பதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். அதே நாள், அதே ஆன்டெனா, அதே ரிசீவரில் வேறொரு கோளின் சிக்னல் கேட்டிருக்க வேண்டும். 145 அலைவரிசைக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.825 பெரும்பாலும் கைகொடுக்கும். அது தெளிவாகக் கேட்டு, தேடிய கோள் மட்டும் வராமல் போனால் அந்த மௌனத்துக்கு மதிப்பு உண்டு. இரண்டுமே வராவிட்டால் அன்றைய பதிவேட்டில் 'ரிசீவர் ஐயத்துக்குரியது' என்று எழுதுகிறோம். அதை வெளியே அனுப்புவதில்லை. ஐயமான சிக்னல் என்றால் ஒலிப்பதிவை அழிக்காமல், யுடிசி நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வைக்கிறோம். கடப்பு எத்தனை பாகை உயரத்தில் போனது, வெயிலா நிழலா, எந்த முறை, பீக்கனா குரலா என்பவை அதே வரியில் வரும். யாரேனும் ஆறு மாதம் கழித்து அந்தக் கோளைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அந்த வரிகளைத்தான்.