ஒலிக்காத கே எங்கே போனது?

ஈசூனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். துணைப்பாட வகுப்பில் ‘அறியக்கூடியது, புரியக்கூடியது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் படித்துவரச் சொன்னார்களாம்: நோவபிள், இன்டெலிஜிபிள், காம்ப்ரிஹென்சிபிள், ஃபாதமபிள். பையன் படிப்பதற்குப் பதில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறான். சில சொற்களின் வாலில் ‘பிள்’ளுக்கு முன் ஏ என்ற ஆங்கில எழுத்து, சிலவற்றில் ஐ வருவது ஏன்? ‘நோவபிள்’ என்னும்போது காதில் விழாத கே, எழுதும்போது மட்டும் எதற்கு?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். லத்தீன் வினைச்சொற்களில் பல வகைகள் இருந்தன; வகைக்கேற்ப வாலும் மாறியது. தேர்வுக்குப் போகிறவன் வாலை வெட்டிப் பார்த்தால் போதும். மிச்சம் முழு ஆங்கிலச் சொல்லாக நின்றால் பெரும்பாலும் ஏ. ‘அறி’ என்று பொருள்படும் ‘நோ’ நிற்கும், ‘ஃபாதம்’ நிற்கும், ‘இன்டெலிஜ்’ நிற்காது. விதிவிலக்குகள் உண்டு, அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தச் சொற்களுக்குள் மனிதக் கைகள் ஒளிந்திருப்பதையும் அவனிடம் சொல்லுங்கள். காம்ப்ரிஹென்சிபிளுக்குள் இருப்பது ‘பற்று’ என்னும் லத்தீன் வினை. ஃபாதம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், ஆறு அடி; நம் கடற்கரை மீனவர்கள் ‘பாகம்’ என்பார்களே, அதே அளவு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, இத்தனை பாகம் என்று எண்ணுவார்கள். குண்டு தரை தட்டினால் அந்தக் கடல் ஃபாதமபிள். நமக்கு அருகே மலாக்கா நீரிணையில் ‘ஒன் ஃபாதம் பேங்க்’ என்றே ஒரு திட்டும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கே ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துதான். ஆங்கிலேயர்கள் ‘க்னோ’ என்றுதான் சொன்னார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வாயிலிருந்து உதிர்ந்தது, தாளில் தங்கிவிட்டது. ஏன் உதிர்ந்தது என்பதை உங்கள் வாயிலேயே சோதிக்கலாம். ‘அக்னி’ என்று சொல்லுங்கள். சிரமமே இல்லை. இப்போது அகரத்தை விட்டுவிட்டு ‘க்னி’ மட்டும் சொல்லுங்கள். நாக்கு தடுமாறுகிறது அல்லவா? க் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தை அடைக்கிறது, பின்னால் காற்று தேங்குகிறது. அடைப்பு திறந்து காற்று வெடித்து வெளிவரும்போதுதான் க் காதில் விழும். ஆனால் அடுத்து வருவது மூக்கொலியான ன். வெடிக்க வேண்டிய காற்று சத்தமில்லாமல் மூக்கு வழியாக நழுவிவிடுகிறது. கேட்பவருக்கு எஞ்சுவது ‘னி’.

‘அக்னி’யில் மட்டும் க் எப்படிப் பிழைக்கிறது? முன்னால் நிற்கும் அகரத்தின் வால்நுனி, நாக்கு அண்ணத்தை நோக்கிப் போவதற்கேற்ப லேசாக நிறம் மாறுகிறது. காது அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ‘இங்கே ஒரு க் இருந்தது’ என்று கண்டுகொள்கிறது. வெடியைக் கேட்கவே தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. ‘நோ’வின் வேரிலிருந்து வந்தவைதான் லத்தீனின் ‘க்னோஸ்கெரெ’வும் வடமொழியின் ‘ஜ்ஞான’மும். லத்தீனும் சொல்லின் தலையில் நின்ற ஒலியை இழந்து ‘நோஸ்கெரெ’ ஆனது. நாமும் ‘ஜ்ஞானம்’ என்பதை ‘ஞானம்’ ஆக்கினோம். ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் மூன்று மொழிகளும் ஒரே இடத்தில் கத்தி வைத்திருக்கின்றன! முன்னால் உயிரெழுத்து நின்ற இடங்களில் அந்த ஒலி தப்பிவிட்டது. ‘ரெகக்னைஸ்’, ‘இக்னரன்ஸ்’ இரண்டிலும் லத்தீனின் பழைய க் உயிரோடு கேட்கிறது. ‘அக்னாலெஜ்’ சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தின் கே ஒலிக்கிறது. தமிழில்? ‘ஞானம்’ என்பதில் ஒரே ஞ. ‘அஞ்ஞானம்’, ‘விஞ்ஞானம்’ என்னும்போது இரண்டு. அந்த முதல் ஞ் தான் வேடம் மாற்றிக்கொண்ட பழைய ஜ். பள்ளியில் அந்த இரட்டை ஞகரத்தை விட்டுவிட்டு நான் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறேன்! காரணத்தை யாராவது சொல்லியிருந்தால் ஒரு முறையோடு நின்றிருக்கும்.

‘நோ’ நம் ‘நோக்கு’ என்பதிலிருந்து பிறந்தது என்று கைப்பேசியில் வலம்வரும் செய்தி எனக்கும் மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்பது சான்றே ஆகாது. சான்று என்றால் வரிசை வேண்டும். முழங்காலுக்கு ஆங்கிலத்தில் ‘நீ’, அதன் முன்னும் ஒரு ஊமைக் கே. லத்தீனில் ‘கெனு’, வடமொழியில் ‘ஜானு’. கை முழங்காலைத் தொடும் ஆளைத்தான் ‘ஆஜானுபாகு’ என்கிறோம். உறவுக்கு ஆங்கிலத்தில் ‘கின்’, லத்தீனில் ‘கெனுஸ்’, வடமொழியில் ‘ஜன’. ஆங்கிலத்தில் கே வரும் இடத்தில் லத்தீனில் ஜி எழுத்து, வடமொழியில் ஜ. தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822இல் இத்தகைய ஒழுங்குகளை விதியாக எழுதிவைத்தார். ‘நோக்கு’ இந்த வரிசையில் எங்கும் உட்காராது. ‘அறி’, ‘தெரி’, ‘புரி’ எல்லாம் வேறு குடும்பம். இரவல் பெருமை அவற்றுக்குத் தேவையில்லை.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ‘முடியும்’ என்று நாம் இன்று பொருள்கொள்ளும் ‘கேன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேர்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அறிவேன்’ என்று பொருள். அங்கே கேக்கும் என்னுக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்து குறுக்கே நின்றதால் கே பிழைத்துக்கொண்டது. அறிவு எப்படி இயலும் தன்மை ஆயிற்று என்று அவன் கேட்டால், ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று நாம் சொல்வதை நினைவூட்டுங்கள். நாளை உணவங்காடியில் அவன் சர்க்கரை குறைத்துத் தேநீர் கேட்கும்போது, கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘கேன், கேன்’ என்பார். அந்தக் கே நன்றாகவே காதில் விழும்.