வாய்நோய்க்கு ஊர் உண்டு, மனசும் உண்டு

வாய்நோய் பார்க்கும் எங்களுக்கு, நோயாளி எந்த ஊர் என்று தெரிந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். தர்மபுரிப் பக்கம் சில வருடம் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கு வந்தவன் நான். அங்கே வாயை மூடிக்கொண்டு பேசினார்கள். இங்கே வாயைத் திறக்க முடியாமல் வருகிறார்கள். மனசுக்குள் இருக்கும் சங்கடமும் ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பாறை பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகிற தண்ணீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள், பழுப்புக் கறை எல்லாம் வரும். வலி பெரும்பாலும் இருக்காது. எங்கள் கேஸ் ஷீட்டில் 'லேசானது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் என்னிடம் வந்த ஒரு இளைஞர், பெண் பார்க்கப் போகிற மாதம், "டாக்டர், முன்னாடி இருக்கிற நாலையும் புடுங்கிட்டு வேற கட்டிடுங்க" என்றார். நாலும் கல் மாதிரி உறுதியான பற்கள்.

இந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்வது ஒரே கேள்வி: "பல்லே விளக்க மாட்டியா?" வகுப்பிலும் அதுதான், வீட்டில் அம்மாவும் அதுதான். உண்மையில் முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் ஈறுக்கு உள்ளேயே உருவாகிவிடுகிறது. பல் வெளியே தெரிவது 6, 7 வயதில். கறை பல்லோடு சேர்ந்தே முளைக்கிறது. பிரஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் செங்கல் தூளும் சாம்பலும் உப்பும் வைத்துத் தேய்த்து, ஈறு புண்ணாகி, பல் கூச ஆரம்பித்த பிறகு வருகிறார்கள். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் வீடுகளில், இனி வளரும் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை குறையும். ஏற்கெனவே கறை படிந்தவர்கள் பல்லைப் பிடுங்க வேண்டாம். மேல் எனாமலை மெல்லியதாகத் தேய்த்து எடுப்பது, பிளீச்சிங், பல் நிறத்தில் பூச்சு என்று வழிகள் இருக்கின்றன.

சென்னையில் கதை வேறு. இங்கே மாவா (பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்த கலவை), பாக்குப் பொட்டலம். 2013 முதல் குட்காவுக்குத் தடை என்பது காகிதத்தில் இருக்கிறது. பெட்டிக்கடையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற ரசாயனம் கன்னத்தின் உள்சதையை நார் நாராக இறுக்குகிறது. விரலை விட்டுத் தடவினால் நாடா மாதிரி தட்டுப்படும். முதலில் வருவது காரம் தின்றால் எரிச்சல். அதை 'அல்சர்' என்று நினைத்து, மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கி மாதக்கணக்கில் போடுவார்கள். அப்புறம் ஒருநாள் வடையைக் கடிக்க வாய் திறக்காது. உங்கள் மூன்று விரலை நேராக அடுக்கிப் பல்லுக்கு நடுவே விட்டுப் பாருங்கள்; நுழையவில்லை என்றால் உடனே காட்டுங்கள். இது புற்றுநோயாக மாறக்கூடியது.

தர்மபுரிப் பிள்ளைக்கு இருப்பது வெட்கம். மாவா போடும் சென்னைக்காரருக்கு இருப்பது குற்ற உணர்ச்சி: "நானே தேடிக்கிட்டது டாக்டர்." அதனால் வீட்டில் சொல்வதில்லை. மனைவி வந்து சொல்லும்போதுதான் முழுப் படமும் தெரிகிறது. குழம்பில் குறை சொல்கிறார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறார், ராத்திரி தூக்கமில்லை. வீட்டில் இதைத் திமிர் என்கிறார்கள். எரிச்சலோடு சாப்பிட முடியாத ஒருவர், அதைச் சொல்லவும் முடியாமல் இருக்கிறார், அவ்வளவுதான். மாவாவை நிறுத்திய முதல் சில வாரங்கள் சிடுசிடுப்பு இன்னும் கூடும். அந்த நேரத்தில் திட்டினால் மறுபடி பொட்டலத்துக்கே போய்விடுவார்.

வெற்றிலை போடும் பாட்டிமாருக்கு வெட்கமும் கிடையாது, குற்ற உணர்ச்சியும் கிடையாது. "தாம்பூலத்தில் என்ன தப்பு?" என்பார்கள். கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருந்தாலும் வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. "கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றதும்தான் பயம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை வரமாட்டார்கள். ஆந்திரக் கடற்கரையில், ஸ்ரீகாகுளம் பக்கம், சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்கள் உண்டு. அங்கே பாதிப்பு மேல் அண்ணத்தில் வரும். தலையை நிமிர்த்தி டார்ச் அடித்தால்தான் தெரியும். எங்கே இருந்தாலும், 2 வாரத்தில் ஆறாத புண்ணையோ திட்டையோ காட்டிவிட வேண்டும்.

சக மருத்துவர்களுக்கு ஒன்று. நோயின் தீவிரத்தை நாம் சதையையும் பல்லையும் வைத்து மட்டுமே அளக்கிறோம். கடந்த 2 வாரமாக மனசு சோர்ந்து கிடக்கிறதா, எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 'ஆமாம்' என்றால் மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள், அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புகையிலையை நிறுத்த நினைப்பவருக்கு உதவி எண் 1800 11 2356. கேட்பதற்கு முன் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் மாவா பற்றி எந்தப் பையனும் சொல்ல மாட்டான்.