குழந்தை குறைந்தால் நாடு காலியாகிவிடுமா?

"நம்ம ஜனமே குறையுதாமே டாக்டர், இன்னொண்ணு பெத்துக்கச் சொல்லுங்க" என்று மருமகளைக் கூட்டிவரும் மாமியார்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர, தமிழக முதல்வர்கள் அடுத்தடுத்து இதைப் பற்றிப் பேசியதிலிருந்து வாட்ஸ்அப்பிலும் இதே பேச்சுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி ஒரு பெண் பெறும் குழந்தைகள் சராசரியாக இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்தது நிரப்பச் சுமார் 2.1 வேண்டும். அதற்குக் கீழே இறங்கியும் இந்தியா வளர்கிறதே, எப்படி? இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் ஏராளமாகப் பிறந்த பெண்கள்தான் இன்று பிரசவ வார்டில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்தினாலும் தாய்மார்கள் அதிகம் என்பதால், வருடத்துக்குப் பிறப்பவர்கள் இறப்பவர்களைவிட அதிகம். சீனா 1990களின் தொடக்கத்திலேயே 2.1க்குக் கீழே போய்விட்டது, ஆனால் மக்கள்தொகை சரியத் தொடங்கியது 2022ல்தான்.

இடப்பெயர்வு இப்படிக் காத்திருக்காது. கனடாவில் 2023ல் ஒரு பெண்ணுக்கு 1.26 குழந்தைதான், ஆனாலும் அந்த ஒரே வருடத்தில் மக்கள்தொகை 3.2 சதவீதம் கூடியது, அதில் ஏறக்குறைய 98 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால். அப்புறம் மாணவர் விசாவை இறுக்கினார்கள், 2025 தொடக்கத்தில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றேபோனது. 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கு வெளிநாட்டுக்குப் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் பெரிய கணக்கில்லை. மாநிலங்களுக்கு அப்படியில்லை. திருப்பூர்ப் பக்கம் வேலை பார்ப்பதால் சொல்கிறேன், பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பெண்கள் என் வார்டில் நிறைய. வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் வருகிறார்கள், ஆக பிறப்பும் கூடவே வருகிறது. இங்கே சில வருடம் இருந்துவிட்டால் அவர்களும் ரெண்டோடு போதும் என்றுதான் ஆபரேஷன் கேட்கிறார்கள்!

பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதாலோ பணம் கொடுப்பதாலோ மட்டும் இது மாறுவதில்லை. தென்கொரியா வருடக்கணக்கில் அள்ளிக் கொடுத்தும் 2023ல் 0.72தான். ஸ்கூல் ஃபீஸ், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, லீவு போட்டால் வேலை போய்விடும், என்னிடம் வரும் தம்பதிகள் சொல்லும் காரணங்கள் இவைதான்.

மூன்றாவது வேண்டும் என்று அந்தப் பெண்ணே ஆசைப்பட்டால் அது வேறு. ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆனவரை மூன்றாவதுக்கு நெருக்காதீர்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டால் கட்டுக்கடங்காமல் ரத்தம் போகும், சில நேரம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும்.