கறுத்த கட்டியும் பயாப்சி ரிப்போர்ட்டும்

முகத்தில் கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு சிறு கட்டி. நடுவே புண்ணாகிப் பொருக்கு விழும். முகம் கழுவினால் இரத்தம் கசியும். நம் நிறத் தோலில் அடிக்கலப் புற்றுநோய் (தோலின் அடிப்படைக் கலங்களில் தோன்றும் புற்று) பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் வருகிறது. வலிக்காததால் மச்சம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இந்நோயைத் தூண்டுவது வெயிலின் புறஊதாக் கதிர். மலைநாட்டுக் குளிரை நம்பி வெயிலை மறக்கக் கூடாது: 1000 மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும், நுவரெலியா 1800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது.

கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துண்டை (பயாப்சி) நுணுக்குக்காட்டியில் பார்த்து இந்நோயை அடையாளம் காண்பது வழக்கமாகச் சுலபம். கருநீலக் கலங்கள் கூட்டங்கூட்டமாக இருக்கும். விளிம்புக் கலங்கள் வேலிக்கம்பு நட்டதுபோல் வரிசையாக நிற்கும். கூட்டத்தைச் சுற்றி மெல்லிய வெடிப்பு தெரியும். சிலவற்றில் மட்டும் தோற்றம் மாறிவிடும். கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்து நிறைந்த கலங்கள் வெளுத்து, வெறுமையாகத் தெரியலாம். கண்ணிமையிலிருந்து எடுத்த துண்டில் இது மட்டுமே அகப்பட்டால் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றா, சிறுநீரகப் புற்று தோலுக்குப் பரவியதா என்றெல்லாம் யோசிக்க வேண்டிவரும். அதே பிளொக்கை (துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை) இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தால் பல வேளைகளில் ஏதோ ஒரு மூலையில் அந்த வேலி வரிசை அகப்படும். தோலின் இன்னொரு புற்றான செதிள்கலப் புற்றோ என்ற சந்தேகத்துக்கு பெர்-ஈபி4 சாயம் உதவும். அடிக்கலப் புற்று அதை ஏற்கும், செதிள்கலப் புற்று ஏற்காது.

ரிப்போர்ட்டில் வெளிறிய கலம், அமிலோயிட் (ஒருவகைப் புரதம்) படிவு, எலும்புத் துணுக்கு என்றிருந்தால் பயப்பட வேண்டாம். அரிதான தோற்றம் என்பதற்காக நோய் கொடியதாகிவிடாது. கவனிக்க வேண்டியது வளரும் விதம்: ஊடுருவும் வகை, தழும்புபோல் இறுகும் வகை, நுண்முடிச்சு வகை, செதிள்கலம் கலந்த வகை. இவை வெளியில் தெரிவதைவிட உள்ளே அகலமாகப் பரவியிருக்கும். வெட்டிய விளிம்பில் மிச்சம் இருந்தால் திரும்ப வரக்கூடும்.

மேலாகச் சீவி எடுத்தால் இந்த ஆழ்ந்த பகுதி துண்டில் வராது. சுண்ணாம்பு வைத்தோ நூல் கட்டியோ உதிர்த்துவிட்டால் பரிசோதிக்க எதுவுமே மிஞ்சாது. எடுத்த துண்டை உடனே 10 வீத போர்மலினில் (கலங்கள் சிதையாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். துண்டின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம், வாய் அகன்ற போத்தல். சேலைனில் (உப்புநீர்) போட்டு ஹட்டனிலிருந்து கண்டிக்கு அனுப்பினால் வழியிலேயே கலங்கள் சிதையும். பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும், போத்தலில் எழுதுங்கள். முழுக் கட்டியை வெட்டினால் மேல் விளிம்பில் ஒரு தையல் போட்டு, அது எந்தப் பக்கம் என்று படிவத்திலும் குறியுங்கள்.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டோடு சிலைட்டையும் பிளொக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பிளொக் இருந்தால் திரும்ப வெட்டிப் பார்க்கலாம். கடதாசியை மட்டும் வைத்து அது முடியாது.