மீட்டெடுத்த மாவைக் கவர் கெடுக்கக் கூடாது

உணவுப் பொருள்களுக்குப் பேக்கேஜிங் வடிவமைப்பது என் தொழில். தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, செக்கில் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கு, தூக்கி எறியும் பலாக்கொட்டை என்று வீணாகப் போவதை மாவாக்கி விற்கும் சிறு தொழில்முனைவோர் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "பழுப்புக் காகிதக் கவர், நடுவுல மாவு தெரியற மாதிரி ஒரு ஜன்னல்." நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கவரே மாவைக் கெடுத்துவிடும் என்பதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேங்காய் மாவையே எடுத்துக்கொள்வோம். பாலைப் பிழிந்த பிறகும் சக்கையில் கொழுப்பு தங்கியிருக்கும். தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதனால் காற்றுபட்டுச் சிக்கு வாடை வருவது மெதுவாகத்தான். பெரிய எதிரி ஈரம். ஈரம் ஏறினால் கொழுப்பு உடைந்து லாரிக் அமிலம் பிரிகிறது, மாவில் சோப்பு ருசி தட்டுகிறது. அதை ஒருமுறை வாயில் வைத்தவர் மறுபடி வாங்க மாட்டார்.

வெறும் காகிதம் ஈரத்தைத் தடுக்காது. கடையில் கிடைக்கும் ஜிப் வைத்த காகிதக் கவர்களில் பெரும்பாலானவற்றின் உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிழித்துப் பாருங்கள், மெல்லிய படலம் இழுபடும். இரண்டும் ஒட்டிக்கிடப்பதால் மறுசுழற்சிக்கும் அது லேசில் போகாது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த, ஜன்னல் இல்லாத கவர் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மாவுக்கு அதுவே மேல். உள்ளூரில் மட்டும் விற்பவர் என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளும் கண்ணாடி பாட்டில் இன்னும் நல்லது. மீட்டெடுத்த உணவு கெட்டுப்போனால் தேங்காயோடு சேர்த்து, காயவைக்கச் செலவழித்த எரிபொருளும் உழைப்பும் வீண்.

எந்தக் கவர் நல்லது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று வகைக் கவர்களில் ஒரே அளவு போட்டு, சீல் வைத்து, துல்லியமான தராசில் எடைபோட்டு அடுக்களையில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கூடுகிற எடை எல்லாம் உள்ளே புகுந்த ஈரம். ஆய்வகத்தில் இதையே 38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதத்தில் செய்வார்கள்.

அப்புறம் சீல். மாவைக் கொட்டும்போது கவரின் வாய்ப்பகுதியில் தூள் படியும்; அதன்மேல் சீல் வைத்தால் சரியாகப் பிடிக்காது. நீளமான புனல் வைத்து நிரப்புங்கள், வாயைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மாதிரிக்கு ஒரு கவரைத் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் ஓட்டை.

லேபிளில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் ஆதாரம் வேண்டும். 'குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாதது' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை அரைக்கும் மில்லிலேயே அரைத்தால் இது சந்தேகம்தான். மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்லி விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழைக் கேளுங்கள். ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளையே கொண்டுவந்துவிட்டது.

இதெல்லாம் உறுதியாகும்வரை அச்சடித்த கவருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். சாதாரணக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றாலே போதும். கலவையோ காலாவதித் தேதியோ மாறினால், ஆயிரக்கணக்கில் அடித்துவைத்த கவர்கள் குப்பைக்குத்தான் போகும்.