12 வோல்ட்தானே என்று சொல்லும் வள்ளக்காரர்களுக்கு

பூவாறு, கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் வள்ளங்களுக்கு மின்மோட்டார் பொருத்துவதும், பிறர் பொருத்தியதைப் பழுது பார்ப்பதும் என் தொழில். அண்மைக்காலமாக இரண்டாவது வேலைதான் மிகுதியாக வருகிறது. சென்ற வாரம் ஒரு சுற்றுலா வள்ளத்தின் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, வீட்டில் பிளக் பாயிண்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் முன்புற பேட்டரியிலிருந்து பின்புற மோட்டார் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலுறை உருகி வள்ளத்தின் ஃபைபரோடு ஒட்டியிருந்தது; விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்து வெளியே தெரிந்தது. பியூஸ் என்று ஒன்று எங்குமே இல்லை. உரிமையாளரிடம் கேட்டால், எல்லாரும் சொல்லும் அதே பதில்: "12 வோல்ட்தானே அண்ணே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே."

ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். நான் பேசுவது ஷாக்கைப் பற்றியல்ல, தீயைப் பற்றி. வோல்ட் குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அதே வேலையைக் குறைந்த வோல்ட்டில் செய்ய வேண்டுமானால் ஆம்பியர் ஏறியாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 600 வாட் வேலையை வீட்டிலுள்ள 230 வோல்ட்டில் செய்ய 3 ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட்டில் அதற்கு 50 ஆம்பியர் வேண்டும். ஒயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். அந்த 2.5 ஒயர் வழியே, போக 5 மீட்டர் வர 5 மீட்டர் என்று 50 ஆம்பியரை ஓட்டினால், கணக்குப்படி 3.5 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 175 வாட் வெப்பமாக மாறும்; ஏழு சால்டரிங் அயர்ன்களைச் சூடாக்கிப் பயணிகளின் இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் வைத்ததற்குச் சமம் அது. அதே தூரத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டோடு நின்றுவிடும். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஒயரின் செம்பு வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். பூசாத செம்பில் காயலின் உப்புக் காற்று பச்சைக் களிம்பு ஏற்றி, மேலுறைக்குள்ளேயே ஊர்ந்து தின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

பியூஸ் மோட்டாரைக் காப்பதற்கு என்று நினைக்கிறார்கள். அது முதலில் ஒயரைக் காப்பதற்கு. 100 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியின் இரு முனைகளும் நேராக இணைந்துவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயும். அதைத் தடுத்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. ஆகவே பியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் மாட்டினால், இடையிலுள்ள ஒயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். மின்சாரம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சான வீட்டு எம்.சி.பி.யைக் கழற்றி வந்து மாட்டும் புத்திசாலிகளும் உண்டு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் அந்த எம்.சி.பி.யில் எழும் தீப்பொறி தானே அணைகிறது, பேட்டரி தரும் டி.சி.யில் (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) அப்படிப்பட்ட இடைவெளியே இல்லை என்பதால், பொறி அணையாமல் எம்.சி.பி.யையே எரித்துவிடக்கூடும். டி.சி.க்கென்றே செய்ததை வாங்குங்கள். லித்தியம் பேட்டரியானால் பெரிய ஷார்ட் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறனுள்ள பியூஸாக அது இருக்க வேண்டும். காரிலிருந்து எடுத்த சிறு பியூஸ் போதாது.

"வைக்கத்தில் ஆதித்யா ஓடவில்லையா?" என்று என்னிடம் வாதிடுகிறார்கள். ஓடுகிறதுதான், 2017 ஜனவரியிலிருந்து வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றிச் செல்லும் சூரியமின் படகு அது. ஒவ்வொரு ஒயரையும் கணக்கிட்டு வடிவமைத்த அந்தப் படகையும், இன்வெர்ட்டர் பேட்டரியைப் பலகைக்கடியில் திணித்த உங்கள் வள்ளத்தையும் ஒரே மூச்சில் பேசுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் எழுதியுள்ள 150 ஆம்பியர்-ஹவர் என்பது, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 50 ஆம்பியரில் இழுத்தால் 3 மணி நேரம் வராது. பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுளும் சுருங்கும். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜனை வெளியிடும் என்பதால், மூடிய பெட்டிக்குள் காற்றோட்டமின்றி வைக்காதீர்கள்.

சோதனை என்றால் மோட்டாரைக் கரையில் வைத்து ஒருமுறை சுழலவிட்டு, "ஓடுது" என்று கை தட்டுவதல்ல. வள்ளத்தைத் துறையில் உறுதியான கயிற்றால் கட்டுங்கள். விசிறி முழுதும் நீருக்குள் இருக்கட்டும். முழு வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கட்டிய வள்ளம் நகராததால், ஓடும்போது எடுப்பதைவிட அதிக ஆம்பியர் எடுக்கும்; நமக்கு வேண்டியதும் அதுவே. ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் டி.சி. அளப்பதைக் கொண்டு வாருங்கள் (மலிவான பல மீட்டர்கள் ஏ.சி. மட்டுமே அளக்கும், பூச்சியம் காட்டுகிறதே என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்). ஓடும்போதே பேட்டரி முனையில் ஒருமுறையும் மோட்டார் முனையில் ஒருமுறையும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரோ இணைப்போ சரியில்லை. பிறகு நிறுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள்; கை வைக்க முடியாத இணைப்பு, சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்காகத்தான் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) பெரும்பாலும் இருக்கும். லக்கை ஒயரோடு அழுத்தி இறுக்கும் கிரிம்பிங் கருவி இல்லையென்றால் இருப்பவரிடம் கொடுங்கள், வெட்கமில்லை.

ஷாக் உண்மையில் காத்திருக்கும் இடம் துறையில் சார்ஜருக்காக இழுத்துப் போட்டிருக்கும் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் பெட்டி. ஈரப் பலகையில் கிடக்கும் அதற்கு மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒருநாளும் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், தயவுசெய்து.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. அதன் வோல்ட் கடைசிவரை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும் என்பதால், வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியைக் கணிக்க முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக் காட்டும் ஷண்ட் மீட்டர் வேண்டும். அந்த பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்றான பி.எம்.எஸ். முன்னறிவிப்பின்றி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பொழி (காயல் கடலோடு சேரும் மணல் வாய்) திறந்திருக்கும் நாளில், வற்றும் நீரோடு வள்ளம் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கையில் அது நேரலாம். துடுப்பு இரண்டும், கயிற்றோடு நங்கூரமும் இல்லாத வள்ளத்துக்கு நான் இனி மோட்டார் பொருத்தித் தருவதாக இல்லை.