வீட்டுப் பண்பலை டிரான்ஸ்மிட்டரில் ஒலி ஏன் கெடுகிறது?

சமையலறை அலமாரியில் இருக்கும் பழைய வானொலிப் பெட்டியில் நாம் விரும்பும் பாட்டைக் கைப்பேசியிலிருந்து ஒலிக்கச் செய்ய, தீப்பெட்டி அளவுள்ள ஒரு பண்பலை டிரான்ஸ்மிட்டர் போதும். என் அம்மாவுக்காக அப்படி ஒன்றை அமைத்த அன்று பாட்டு வந்துவிட்டது. ஆனால் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் காகிதத்தைக் கிழிப்பதுபோல் கரகரத்தது. ஜால்ராவின் ஓசை உடைந்தது. பாட்டு நின்ற இடைவெளியிலும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி நேர்ந்தால் ஆன்டெனாக் கம்பியை நீட்டிப் பார்ப்போம், அல்லது கைப்பேசியின் ஒலியை முழுமையாக ஏற்றிப் பார்ப்போம். கரகரப்புக்கு முதலாவதால் பயனில்லை; இரண்டாவது அதை இன்னும் மோசமாக்கும். காரணம், பண்பலை ஒலியைச் சுமந்து செல்லும் விதத்திலேயே இருக்கிறது.

எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில், ஒலியைச் சுமக்கும் ஊர்தி அலையின் வீச்சு, அதாவது உயரம், மாறுவதில்லை. அதன் அதிர்வெண்தான் பாட்டுக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் வைத்த டிரான்ஸ்மிட்டருக்குள் மெல்லிய ஒலி நுழைந்தால், அலை அந்த எண்ணிலிருந்து சில கிலோஹெர்ட்ஸ் மட்டும் இருபுறமும் விலகும். உரத்த ஒலி நுழைந்தால் வெகுவாக விலகும். ஒலிபரப்பில் இந்த விலகலுக்கு இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். வானொலிப் பெட்டியும் அந்த எல்லைக்கு ஏற்பவே செய்யப்படுகிறது. பிடித்த நிலையத்தை வானொலி தனக்குள் 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளும்; அங்கே இருக்கும் வடிகட்டி, பெட்டிக்குப் பெட்டி வேறுபட்டாலும், ஏறத்தாழ 150 முதல் 280 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வாசலையே திறந்து வைக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மோனோ (இடது வலது பிரிக்காத) ஒலி முழு விலகலோடு கடந்து செல்ல 180 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். கைப்பேசியின் ஒலியை முழுமையாக ஏற்றினால் விலகல் எல்லையைத் தாண்டுகிறது. அலையின் இரு ஓரங்களும் வாசல் நிலையில் இடித்துச் சிதைகின்றன. நம் காதில் விழும் கரகரப்பு அந்தச் சிதைவுதான்.

அப்படியானால் எல்லா ஒலியும் ஒருசேரக் கெட வேண்டுமே, ‘ஸ’வும் ஜால்ராவும் மட்டும் முதலில் உடைவானேன்? பண்பலையில் இரைச்சல் உயர் சுருதிப் பக்கம் போகப்போக மிகுதியாகிறது. அதை அடக்குவதற்காக, டிரான்ஸ்மிட்டர் உயர் சுருதிகளை முன்கூட்டியே தூக்கி அனுப்புகிறது. வானொலி அவற்றை அதே அளவுக்குத் தாழ்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து தாழ்கிறது. ப்ரீ-எம்ஃபசிஸ் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50 மைக்ரோவினாடி என்ற அளவும் (ஏற்றம் எந்தச் சுருதியில் தொடங்கும் என்பதைக் குறிப்பது இது), அமெரிக்காவில் 75 மைக்ரோவினாடி என்ற அளவும் வழக்கில் உள்ளன. 50 மைக்ரோவினாடி முறையில் 3.2 கிலோஹெர்ட்ஸ் சுமாரில் தொடங்கும் இந்த ஏற்றம், 15 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபலை, அதாவது மின்னழுத்தக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து மடங்கை எட்டிவிடுகிறது. ‘ஆ’ என்று இழுக்கும் ஆலாபனை எல்லைக்குள் அடங்கி நிற்கும்போதே, ஆற்றலின் பெரும்பகுதியை உயர் சுருதியில் வைத்திருக்கும் ‘ஸ’ பல மடங்கு பெருகி எல்லையை உடைப்பது இதனால்தான். அமெரிக்கச் சந்தைக்கான கருவியை இங்கே பயன்படுத்தினால் உயர் சுருதிகள் 3 டெசிபலுக்கு மேல் கூடுதலாகக் கூசும். இந்த ஏற்றமே இல்லாத ஒற்றை டிரான்சிஸ்டர் கிட்டுகளிலோ பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும்.

சரியான ஒலியளவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பண்பலையில், அலை வலுவாக வந்தாலும் மெலிந்து வந்தாலும், வானொலியின் ஒலியளவு விலகலைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே வானொலியின் ஒலிக் குமிழைத் தொடாமல் ஒரு வணிக நிலையத்தைச் சிறிது கேட்டுவிட்டு நம் டிரான்ஸ்மிட்டருக்கு மாறினால், இரண்டின் உரப்பையும் ஒப்பிட்டே விலகலை மதிப்பிடலாம். நிலையங்கள் மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் நெருக்கி, எல்லைக்கு மிக அருகிலேயே ஓட்டுவதால், நம் பாட்டு அவற்றைவிடச் சற்றுத் தாழ்வாகக் கேட்பதே முறை. என் கைப்பேசியில் அந்த இடம் பாதி ஒலிக்குச் சற்று மேலே அமைந்தது. கரகரப்பு அங்கேயே மறைந்தது. ஒலியைக் குறைத்த பின்னும் ‘ஸ’ மட்டும் கிழிந்தால், வானொலியின் முள் நிலையத்தின் நடுவில் நிற்கவில்லையா என்று பார்க்க வேண்டும்.

ரீங்காரம் வேறு கதை. மடிக்கணினி மின்னேறும்போது அதன் உலோக உடலை விரல் நுனியால் மெல்ல வருடினால் ஒரு விறுவிறுப்புத் தெரியும். இரண்டு முள் அடாப்டருக்குள் இரைச்சலைத் தடுப்பதற்காக வைத்துள்ள சிறு மின்தேக்கி வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. கைப்பேசி ஒரு அடாப்டரிலும் டிரான்ஸ்மிட்டர் இன்னொன்றிலும் செருகியிருந்தால், இந்தக் கசிவு இரண்டையும் இணைக்கும் ஆடியோ ஒயரின் தரைக்கம்பி வழியே ஓடும். அந்தக் கம்பியின் மின்தடையில் பிறக்கும் சிறு மின்னழுத்தம் பாட்டோடு சேர்ந்து, 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கும். எங்கள் வீட்டில் கைப்பேசியின் சார்ஜரைப் பிடுங்கிய நொடியே அது நின்றது. கைப்பேசியைச் சார்ஜரில் வைத்தே கேட்க வேண்டியிருந்தால், நடுவில் இருபுறமும் சமமான சுற்றுகள் கொண்ட (1:1) ஆடியோ மின்மாற்றியைச் சேர்க்கலாம். பாட்டு காந்தப்புலம் வழியே கடந்துவிடும், கசிவு மின்னோட்டத்துக்குப் பாதை இராது.

சில கோளாறுகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். பாடகரின் குரல் காணாமல்போய், வாத்தியங்களும் எதிரொலியும் மட்டும் கேட்டால், 3.5 மில்லிமீட்டர் பிளக் முழுமையாக உள்ளே போகவில்லை அல்லது அதன் தரைக்கம்பி அறுந்திருக்கிறது. தரை இல்லாதபோது இடது வலதுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே கடந்து செல்லும், இரண்டிலும் சமமாக உள்ள குரல் அழிந்துவிடும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கேட்டு, தாழ் சுருதி தரும் இடப்பக்கமான தொப்பி கேட்காவிட்டால், உள்ளீட்டு மின்தேக்கியைப் பார்க்க வேண்டும். 10 கிலோ ஓம் உள்ளீட்டுக்கு முன் 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

‘உஸ்’ என்ற சீறல் கேட்டால்தான் அலையின் வலிமையைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீரியோவில் இடது வலது வேறுபாடு, 38 கிலோஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறிச் செல்கிறது. பண்பலை இரைச்சல் மிகுந்த பகுதியும் அதுவே. ஆகவே அதே அலையில் மோனோவைவிட ஸ்டீரியோவில் சீறல் 20 டெசிபல் அளவுக்குக் கூடிவிடும். வானொலியை மோனோவுக்கு மாற்றினால் சீறல் அடங்குவதைக் கேட்கலாம். அடுத்தது, அலைவரிசையில் காலியான இடம் தேடுவது. 1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய சென்னையில் இன்று அலைவரிசை நெருக்கமாக நிரம்பியிருக்கிறது. 101.4, 102.3 மெகாஹெர்ட்ஸ் நிலையங்களுக்கு நடுவே இடம் இருப்பதுபோல் தோன்றினாலும், இருபுறமும் வலுவான நிலையங்கள் இருக்கையில் சிறு டிரான்ஸ்மிட்டர் அங்கே திணறும். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்தால் வலுவானது மற்றதை விழுங்கிவிடும். இரண்டும் ஏறத்தாழச் சமமானால் மாறிமாறி மேலெழுந்து கொப்பளிக்கும்.

சீறலைப் போக்க ஆற்றலைக் கூட்டும் சுற்றுகளைச் சேர்க்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் 2006 முதல் உரிமமின்றி அனுமதிக்கப்படும் ஆற்றல் 50 நானோவாட் மட்டுமே. ஒரு அறைக்குள் கேட்க அந்த அளவே போதும். 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விமானங்களின் வழிகாட்டிக் கருவிகளும், அதற்கும் மேலே விமானிகளின் பேச்சும் இருக்கின்றன. வடிகட்டி இல்லாத பெருக்கி அங்கேயும் கசியும்.

ஆற்றலைக் கூட்டுவதற்குப் பதில் இடத்தை மாற்றலாம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். சுவரிலும் இரும்பு பீரோவிலும் எவர்சில்வர் பாத்திரங்களிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு சேர்ந்து, அறைக்குள் வலுவான இடங்களையும் வெறுமையான இடங்களையும் உண்டாக்குகிறது. ஒரு வெறுமையிலிருந்து அடுத்த வலுவான இடத்துக்கு, எதிரொளிப்பு நேரெதிரே வரும்போது, கால் அலைநீளம், அதாவது 75 சென்டிமீட்டர்தான். எங்கள் வானொலி பாத்திர அடுக்குக்கு முன்னால் இருந்தது. அதே அலமாரியில் இரண்டரை அடி தள்ளி, ஜன்னல் பக்கமாக வைத்தபோது சீறல் நின்றது. அம்மா இப்போது அங்கேயே வைத்துக் கேட்கிறார்.